நட்டும் சாக்கெட்டும்: பொது அளவு பிறந்த வரலாறு

பேரரசுகள் எழுந்ததையும் வீழ்ந்ததையும் வரலாற்று நூல்கள் விரித்துரைக்கின்றன. மன்னர்களின் பெயர்களையும் போர்கள் நடந்த ஆண்டுகளையும் மாணவர்கள் மனப்பாடம் செய்கின்றனர். ஆனால், தெருமுனை மோட்டார்ப் பட்டறையின் கருவிப் பெட்டியிலும் ஒரு வரலாறு அடங்கிக் கிடக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. அப்பெட்டியைத் திறந்தால் சாக்கெட்டுகள் வரிசை வரிசையாகக் காட்சி தரும். 10, 12, 14, 17, 19 என மில்லி மீட்டரில் எண் பொறித்தவை ஒரு வரிசை; 7/16, 1/2, 9/16, 3/4 என அங்குலப் பின்னத்தில் எண் பொறித்தவை மற்றொரு வரிசை. பழைய பட்டறையாயின், எண்ணுக்குப் பக்கத்தில் ‘டபிள்யூ’ என்னும் எழுத்தைத் தாங்கிய மூன்றாம் வரிசையும் பெட்டியின் அடியில் கிடக்கக்கூடும்.

இவை அனைத்திற்கும் வேலை ஒன்றே. நட்டின் தலையைக் கவ்விப் பிடித்துத் திருகுவதே அவ்வேலை. அங்ஙனமாயின், ஒரே வேலைக்கு மூன்று வகை அளவுகள் எதற்கு? ஒரு காரில் கழன்று வந்த நட்டுக்கு மற்றொரு காருக்குரிய சாக்கெட் ஏன் பொருந்துவதில்லை? இவ்வினாக்களுக்கு விடை காண முற்பட்டால், அஃது ஏறத்தாழ இருநூறு ஆண்டுக் கால வரலாற்றுக்குள் இட்டுச் செல்கிறது. ஒவ்வோர் அளவும் மனிதர் தமக்குள் உடன்பட்ட கதையையோ உடன்பட மறுத்த கதையையோ சொல்கிறது.

பொருத்தமும் பொருந்தாமையும்

நட்டின் தலை பெரும்பாலும் ஆறு பக்கங்களும் ஆறு மூலைகளும் உடையது. எதிரெதிரான இரண்டு பக்கங்களுக்கு இடைப்பட்ட அகலமே சாக்கெட்டின் அளவாகும். சாக்கெட் சரியாகப் பொருந்தினால், கையின் வலிமை ஆறு பக்கங்களுக்கும் பகிர்ந்து செல்லும். ஒரு மயிரிழை தளர்ந்திருந்தாலும் அவ்வலிமை முழுதும் மூலைகளின் மீதே பாயும். மூலைகள் மழுங்கும், நட்டு உருண்டையாகும். அதன் பின் எந்தச் சாக்கெட்டும் அதனைப் பற்றாது. உளியும் சுத்தியலும் கொண்டு வெட்டியெடுப்பதே எஞ்சிய வழி. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்னும் பழமொழி வேறு எங்குச் செல்லுமோ, நட்டின் முன் செல்லாது.

1/2 அங்குலம் என்பது 12.7 மில்லி மீட்டர். அந்த நட்டின் மீது 13 மில்லி மீட்டர்ச் சாக்கெட்டை மாட்டினால் மாட்டிக்கொள்ளும். இறுகிய நட்டாயின் வழுக்கிவிடும். 9/16 அங்குலம் 14.29 மில்லி மீட்டருக்குச் சமம். அதில் 14 மில்லி மீட்டர்ச் சாக்கெட் நுழையவே நுழையாது. 3/4 அங்குலமோ 19.05 மில்லி மீட்டர். 19 மில்லி மீட்டர்ச் சாக்கெட் சில வேளைகளில் அதற்கு இசைந்து போகும். வகுப்பறையில் அங்குலத்தை மில்லி மீட்டராக மாற்றும் கணக்கு இரண்டு தசமத் தானங்களில் முடிந்துவிடுகிறது. பட்டறையில் அந்த இரண்டாம் தசமத் தானமே நட்டைக் காக்கவும் கெடுக்கவும் வல்லதாகிறது.

அளவுப் பொருத்தம் என்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. காதணியான தோட்டின் திருகாணியும் அதனை ஏற்கும் சுரையும் அவர்கள் நெடுங்காலம் பழகிய பொருள்கள். பொற்கொல்லர் ஒவ்வொரு திருகாணிக்கும் அதற்குரிய சுரையைத் தனித்தனியே இழைத்துப் பொருத்துவார். ஒரு தோட்டின் சுரையை மற்றொன்றில் மாட்டினால் பெரும்பாலும் சேராது. சுரை தொலைந்தால் தோட்டைப் பொற்கொல்லரிடம் கொண்டு செல்வதன்றி வேறு வழியில்லை. அறிவு தடுமாறியவனை ‘மரை கழன்றவன்’ என்று கூறும் வழக்கும் மரையைப் பற்றிய இத்தகைய பழக்கத்திலிருந்தே பிறந்தது எனலாம்.

விட்வர்த் கண்ட ஒழுங்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் இயந்திரங்களும் இந்தத் தோட்டின் நிலையிலேயே இருந்தன. இலண்டனில் ஹென்றி மாட்ஸ்லே என்பவர் 1800ஆம் ஆண்டையொட்டித் திருத்தமாக மரை வெட்டும் கடைசல் இயந்திரத்தை உருவாக்கினார். அதனால் ஒரு பட்டறைக்குள் ஒரே வகை மரையை வெட்டுவது எளிதாயிற்று. ஆனால், பட்டறைக்குப் பட்டறை மரை வேறுபட்டது. ஓர் ஊரில் செய்த இயந்திரத்தின் போல்ட்டு மற்றோர் ஊரில் முறிந்தால், அதற்கு ஈடான போல்ட்டு அங்குக் கிடைக்காது.

மாட்ஸ்லேயின் பட்டறையில் பணியாற்றிப் பயின்றவர் ஜோசப் விட்வர்த். அவர் நாட்டின் பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைத் திரட்டினார். அவற்றின் மரைகளை அளந்தார். அவற்றின் சராசரியைக் கண்டார். 1841ஆம் ஆண்டில் பொறியாளர் கழகத்தின் முன் தம் ஆய்வுரையைப் படைத்தார். மரையின் கோணம் 55 பாகை. 1/2 அங்குலப் போல்ட்டுக்கு அங்குலத்திற்கு 12 மரை என ஒவ்வொரு பருமனுக்கும் ஓர் எண்ணிக்கையை வரையறுத்தார். தாம் விரும்பிய அளவைப் பிறர்மீது சுமத்தாமல், பிறர் கையாண்ட அளவுகளிலிருந்தே பொதுவான ஒன்றை எடுத்தமைத்தது அவருடைய நுண்ணறிவைக் காட்டுகிறது. எந்தப் பட்டறைக்கும் அது முற்றிலும் அயலானதாகத் தோன்றவில்லை. இரயில்வே நிறுவனங்கள் அதனை ஏற்றன, ஏனையோரும் பின்தொடர்ந்தனர்.

அதன் பயன் கிரிமியப் போரின்போது வெளிப்பட்டது. பீரங்கிப் படகுகளுக்கு 90 இயந்திரத் தொகுதிகள் விரைந்து தேவைப்பட்டன. ஜான் பென் என்னும் பொறியாளர் அவற்றின் உறுப்புகளைப் பல பட்டறைகளுக்குப் பகிர்ந்தளித்துச் செய்வித்தார். வெவ்வேறு கைகள் செய்த உறுப்புகள் ஒரே இடத்தில் ஒன்று சேர்ந்தன. பொது மரை ஒன்று இருந்ததாலேயே அது கைகூடிற்று.

கடல் கடந்த கருத்து வேற்றுமை

அமெரிக்கர் விட்வர்த்தின் வழியை ஏற்கவில்லை. 1864ஆம் ஆண்டில் ஃபிலடெல்ஃபியாவின் ஃபிராங்க்ளின் கழகத்தில் வில்லியம் செல்லர்ஸ் வேறொரு முறையை முன்வைத்தார். விட்வர்த்தின் மரை உச்சியிலும் அடியிலும் வளைந்திருந்தது. அதனைத் திருத்தமாகச் செய்யத் தேர்ந்த கைகள் வேண்டும். செல்லர்ஸ் கோணத்தை 60 பாகையாக்கி, உச்சியைத் தட்டையாக்கினார். சாதாரணத் தொழிலாளியும் சாதாரணக் கருவி கொண்டு அதனைச் செய்யலாம் என்பது அவருடைய வாதம். அவ்வாதம் நியாயமானதே. ஆயினும் விளைவு என்ன? இங்கிலாந்தில் 1/2 அங்குலப் போல்ட்டுக்கு அங்குலத்திற்கு 12 மரை. அமெரிக்காவில் 13 மரை. ஒரே மொழி பேசிய இரு நாடுகளும் ஒரே அங்குலத்தைக் கொண்டு பொருந்தாத போல்ட்டுகளைச் செய்யலாயின.

பொது அளவின்மை எத்தகைய துன்பத்தைத் தரும் என்பதை அமெரிக்கர் தம் மண்ணிலேயே கண்டனர். 1904ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் பால்டிமோர் நகரில் பெருந்தீ மூண்டது. வாஷிங்டன், ஃபிலடெல்ஃபியா முதலிய நகரங்களிலிருந்து தீயணைப்புப் படையினர் விரைந்து வந்தனர். ஆனால், அவர்கள் கொணர்ந்த குழாய்களில் பலவற்றின் மரை பால்டிமோரின் நீர்க்குழாய்களோடு பொருந்தவில்லை. கையில் குழாய் இருந்தது. குழாயடியில் நீர் இருந்தது. இரண்டையும் இணைக்க வழியில்லை. 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. மரையின் வேறுபாட்டைச் சிறு பொருளெனக் கருதியோர்க்கு அத்தீ பெரும் பாடமாக அமைந்தது.

சாக்கெட்டின் பிறப்பு

திறந்த வாயுடைய ஸ்பேனர் நட்டின் இரண்டு பக்கங்களை மட்டுமே பற்றும். சாக்கெட் நட்டின் தலை முழுவதையும் மூடிப் பற்றும். ஒரு பக்கம் திருகிப் பின் கையை வெறுமனே திருப்பிக்கொள்ள உதவும் ராட்செட் பிடியுடன் கூடிய சாக்கெட் கருவிக்கு 1863ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஜே. ஜே. ரிச்சர்ட்சன் என்பவர் காப்புரிமை பெற்றார். எனினும், பிடியும் சாக்கெட்டும் ஒன்றாகவே இருந்த கருவிகளே நெடுங்காலம் வழக்கிலிருந்தன. பத்து நட்டுகளுக்குப் பத்துப் பிடிகள் வேண்டியிருந்தன.

1920ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரைச் சேர்ந்த ஜோசப் ஜான்சன் தம் நண்பருடன் சேர்ந்து ஸ்னாப்-ஆன் நிறுவனத்தைத் தொடங்கினார். பிடி வேறு, சாக்கெட் வேறு எனப் பிரித்து, ஐந்து பிடிகளும் பத்துச் சாக்கெட்டுகளும் கொண்ட தொகுதியை அவர்கள் விற்றனர். ஐந்து ஐம்பதின் வேலையைச் செய்யும் என்பது அவர்கள் விளம்பரத்தின் சாரம். எந்தச் சாக்கெட்டும் எந்தப் பிடியிலும் மாட்ட வேண்டுமாயின், பிடியின் முனைக்கு ஒரு பொது அளவு தேவை. சதுர வடிவான அம்முனை 1/4, 3/8, 1/2, 3/4 அங்குலம் என நிலைபெற்றது. மில்லி மீட்டர்ச் சாக்கெட்டுகளின் பின்புறத் துளையும் அங்குலக் கணக்கிலேயே அமைந்திருப்பதை இன்றும் காணலாம். உலகம் உடன்பட்ட அளவு, தோன்றிய முறை மாறிய பின்னும் மாறுவதில்லை என்பதற்கு அச்சிறு துளையே சான்று.

ஒரே எண், மூன்று பொருள்

அளவு எழுதப்பட்டிருந்தால் போதும், சாக்கெட்டை எளிதில் எடுத்துவிடலாம் என்று எண்ணுவது தவறு. அவ்வெண் எதனைக் குறிக்கிறது என்பதும் தெரிந்திருத்தல் வேண்டும். அமெரிக்க முறையில் 1/2 என்றால் சாக்கெட்டின் வாயகலம் 1/2 அங்குலம். விட்வர்த் முறையில் 1/2 என்றால் போல்ட்டின் தண்டின் பருமன் 1/2 அங்குலம், வாயகலமோ 0.92 அங்குலம். பிரிட்டனில் பின்னர் வந்த நுண்மரை முறையில் அதே 1/2 அங்குலப் போல்ட்டின் தலை சிறியது. அதற்கு வாயகலம் 0.82 அங்குலம் போதும். அதனாலேயே பழைய பிரிட்டிஷ் ஸ்பேனர்களில் ஒரே வாய்க்கு இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரின்போது இரும்பைச் சேமிக்கும் பொருட்டு விட்வர்த் போல்ட்டுகளின் தலையும் ஒரு படி சிறுத்தது. போருக்கு முந்திய போல்ட்டும் பிந்திய போல்ட்டும் ஒரே மரை கொண்டிருந்தும் வெவ்வேறு சாக்கெட்டுகளைக் கேட்டன.

இதனினும் வியப்பான ஒரு கதை உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரான்சின் ஹாட்ச்கிஸ் நிறுவனம் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஒரு தொழிற்சாலையை நிறுவியது. அங்கிருந்த இயந்திரங்கள் பிரெஞ்சு முறைப்படி மெட்ரிக் மரை வெட்டுபவை. 1923ஆம் ஆண்டில் அத்தொழிற்சாலையை வில்லியம் மோரிஸ் விலைக்கு வாங்கினார். இயந்திரங்களை மாற்றுவது பெருஞ்செலவு. ஆங்கிலத் தொழிலாளரின் கையிலோ விட்வர்த் ஸ்பேனரே இருந்தது. ஆகவே, மரையை மெட்ரிக்கில் வெட்டித் தலையை விட்வர்த் அளவில் அமைத்தனர். மோரிஸ், எம்.ஜி. கார்களின் பல இயந்திரங்களில் இவ்விரட்டை முறை 1950கள் வரை நீடித்தது. சாக்கெட் பொருந்தியதை நம்பி விட்வர்த் மரையுடைய போல்ட்டை அத்துளையில் செலுத்தியவர் துளையையே பாழாக்கினார். தலையின் அளவு வேறு, மரையின் அளவு வேறு என்னும் உண்மையை உணர்த்த இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

போர் கற்பித்த பாடம்

1940ஆம் ஆண்டில் ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் விமான இயந்திரத்தை அமெரிக்காவிலும் உற்பத்தி செய்வதற்குப் பேக்கார்டு நிறுவனம் ஒப்புக்கொண்டது. அவ்வியந்திரத்தின் உறுப்புகள் பிரிட்டிஷ் இயந்திரத்திலும் மாட்டக்கூடியனவாக இருத்தல் வேண்டும். ஆகவே, பிரிட்டிஷ் மரைகளையே அந்த அமெரிக்க நிறுவனம் வெட்ட நேர்ந்தது. அவற்றை வெட்டும் கருவிகள் அமெரிக்கச் சந்தையில் கிடைக்காமையால், அவற்றையும் தானே செய்துகொண்டது. உயிர் காக்கும் நேரத்தில், 55 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வேற்றுமைக்காக உழைப்பு வீணாயிற்று.

போர் முடிந்தபின் அறிவு தெளிந்தது. 1948ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்று நாடுகளும் வாஷிங்டனில் கூடி, ஒருங்கிணைந்த மரை முறைக்கு உடன்பட்டன. விட்வர்த் 1841இல் தொடங்கியதும் செல்லர்ஸ் 1864இல் பிரித்ததும் 84 ஆண்டுகளுக்குப் பின் ஒன்று சேர்ந்தன. இதற்கு ஓராண்டுக்கு முன்னரே, 1947இல், அனைத்துலகத் தர நிர்ணய அமைப்பு பணி தொடங்கியிருந்தது. அவ்வமைப்பு தன் முதலாம் தொழில்நுட்பக் குழுவை எதற்கென ஒதுக்கியது தெரியுமா? மரைகளுக்கே! மெட்ரிக் மரை உலகப் பொது முறையாவதற்கு அக்குழு வழிகோலியது.

மலாயாப் பட்டறைகளில்

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இவ்வேறுபாடுகள் அனைத்தும் ஒரே பட்டறையில் வந்து கூடின. ஆங்கிலேயர் இரயில் பாதைகளை அமைத்தபோது பிரிட்டிஷ் அளவுகளும் உடன் வந்தன. செந்தூல் இரயில் பட்டறையில் தமிழர் பலர் உழைத்தனர். அவர்களுள் ஆங்கில எழுத்தறியாதோரும் ஸ்பேனரின் எண்ணறிந்து வேலை செய்தனர். ஃபோர்டு நிறுவனம் 1926இல் சிங்கப்பூரில் கார்களைப் பொருத்தத் தொடங்கியது. 1941இல் அந்நிறுவனம் புக்கிட் தீமாவில் திறந்த தொழிற்சாலையில்தான் 1942 பிப்ரவரி 15ஆம் நாள் பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்தது. ஆஸ்டின், மோரிஸ் கார்களோடு அமெரிக்க மரபில் வந்த கார்களும் ஓடிய நாட்டில், பட்டறைக்காரர் இரண்டு தொகுதிச் சாக்கெட்டுகளை வைத்திருக்க வேண்டியவரானார்.

1960களிலும் 1970களிலும் ஜப்பானியக் கார்கள் பெருகின. அவை மெட்ரிக் அளவின. 1972ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்திற்குப் பின் மலேசியா படிப்படியாக மெட்ரிக் முறைக்கு மாறி, 1982இல் அம்மாற்றத்தை நிறைவு செய்தது. 1985இல் மித்சுபிஷி காரை அடிப்படையாகக் கொண்டு புரோட்டோன் சாகா வெளிவந்தது. அங்குலச் சாக்கெட்டுகள் பெட்டியின் அடிக்குச் சென்றன.

எனினும், மெட்ரிக் என்னும் ஒரு சொல்லால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. 10 மில்லி மீட்டர்ப் பருமனுள்ள போல்ட்டின் தலை பழைய ஜெர்மானியத் தரப்படி 17 மில்லி மீட்டர். அனைத்துலகத் தரப்படி 16. ஜப்பானியக் கார்களில் பெரும்பாலும் 14. அவ்வாறே 8 மில்லி மீட்டர்ப் போல்ட்டின் தலை ஐரோப்பிய வண்டியில் 13, ஜப்பானிய வண்டியில் 12. ஆகவேதான் ஜப்பானியக் கார்களைப் பழுது பார்ப்பவர் கையில் 10, 12, 14, 17 ஆகியவை தேய்ந்திருக்க, 13உம் 16உம் புதியனவாகவே கிடக்கும். எந்த எண் தேய்ந்திருக்கிறது என்பதைக் கண்டே அப்பட்டறைக்கு எந்நாட்டு வண்டிகள் வந்தன என்பதைச் சொல்லிவிடலாம்.

சிறப்புச் சாக்கெட்டுகள்

சில இடங்களுக்குப் பொதுச் சாக்கெட் உதவாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும் சாக்கெட் நீண்டது; பிளக்கின் பீங்கான் உடையாதபடியும், மேலே எடுக்கும்போது நழுவி விழாதபடியும் அதனுள் இரப்பர் பொதிந்திருக்கும். நெடுங்காலம் வழங்கிய பிளக்கின் தலை 13/16 அங்குலம். மெட்ரிக் காரிலும் அதுவே இருந்தது. புகைபோக்கிக் குழாயிலுள்ள ஆக்சிஜன் உணரிக்கு மின்கம்பி தொங்குவதால், அதற்குரிய சாக்கெட்டின் பக்கம் பிளந்திருக்கும். வோக்ஸ்வேகன் பீட்டல் காரின் பின்சக்கர அச்சு நட்டுக்கு 36 மில்லி மீட்டர்ச் சாக்கெட் வேண்டும். சாதாரணத் தொகுதியில் அது கிடைக்காது. 1967இல் அமெரிக்காவின் கேம்கார் டெக்ஸ்ட்ரான் நிறுவனம் உருவாக்கிய டார்க்ஸ் என்னும் ஆறு இதழ் வடிவத் தலைக்கு அவ்வடிவக் கருவியே தேவை. ஆறு மூலைக் கருவியை அதில் நுழைத்தால் இதழ்கள் சிதையும்.

எனவே, சரியான சாக்கெட்டைத் தேடுபவர் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ளுதல் நலம். இவ்வண்டி எந்நாட்டில், எக்காலத்தில் உருவானது? இந்த நட்டு அவ்வண்டியோடு வந்ததா, பின்னர் எவரேனும் மாற்றியதா? தலையின் வடிவம் என்ன, அதன் அகலம் என்ன? முதல் வினாவுக்கு வரலாறும் இரண்டாவதற்கு ஐயுறும் பழக்கமும் மூன்றாவதற்குக் கணிதமும் விடை தரும். அகலத்தைக் கண்ணால் மதிக்காமல் வெர்னியர் அளவியால் அளப்பதே முறை. அளந்த பின்னும் ஐயமிருந்தால், பெரிய அளவிலிருந்து சிறிய அளவுக்கு இறங்கி வந்து, கையால் அழுத்திய அளவில் ஆட்டமின்றி நிற்கும் சாக்கெட்டையே தேர்தல் வேண்டும். துருப்பிடித்த நட்டுக்குப் பன்னிரு மூலைச் சாக்கெட்டினும் ஆறு மூலைச் சாக்கெட்டே ஏற்றது. அது மூலைகளை விட்டுப் பக்கங்களைப் பற்றும். பதறாத காரியம் சிதறாது என்பது பட்டறைக்கென்றே பிறந்த பழமொழி போலும்.

பாடமாகும் பட்டறை

கைத்தொழிலைப் படிப்பில் பின்தங்கியோர்க்குரியது என ஒதுக்கும் மனப்பான்மை தமிழ்ச் சமுதாயத்தில் நெடுங்காலம் நிலவி வந்தது. ஆயின், கருவிப் பெட்டியின் முன் நிற்கும் தொழிலாளியிடம் வரலாறும் கணிதமும் அறிவியலும் ஒரே நேரத்தில் தேர்வு வைக்கின்றன. அத்தேர்வில் அவர் தவறினால் மதிப்பெண் குறைவதோடு முடிவதில்லை. மூலை மழுங்கிய நட்டை முழுதும் முடுக்க இயலாது. முடுக்கப்படாத சக்கர நட்டு ஒரு குடும்பத்தின் உயிரோடு விளையாடும். மெட்ரிக் அளவைக் கற்பிக்கும் ஆசிரியர் ஒரு 13 மில்லி மீட்டர்ச் சாக்கெட்டையும் ஒரு 1/2 அங்குல நட்டையும் வகுப்பறைக்குக் கொண்டு சென்றால், பத்துப் பயிற்சிக் கணக்குகள் உணர்த்தாததை அவை உணர்த்திவிடும்.

விட்வர்த் அளந்தவை வெறும் போல்ட்டுகள். ஆனால், அவர் கண்டறிந்தது பலர் ஏற்கத்தக்க ஒரு பொதுமையை. அவரவர் அளவே சரியென அவரவர் நின்றிருந்தால், ஒவ்வொரு பட்டறையும் ஒரு தனித் தீவாகவே இருந்திருக்கும். ஒருவர் செய்த நட்டு அவரை ஒருநாளும் கண்டிராத மற்றொருவரின் போல்ட்டில் இன்று தங்கு தடையின்றித் திருகிச் செல்கிறதென்றால், அவ்விருவருக்கும் இடையே தலைமுறை பல கடந்த ஓர் உடன்பாடு இருக்கிறது. அவ்வுடன்பாட்டை அறிந்து கருவியைக் கையிலெடுக்கும் மாணவன் எத்தொழிலுக்குச் சென்றாலும் அளந்து செய்வான். அளந்து செய்பவன் கையில் பொருளும் கெடாது, உயிரும் கெடாது.